எதிர் நிற்க ஓர் ஆள்

செயற்கைக்கோள் எங்கள் ஊருக்கு வந்தது பங்குனி மாதம், அளத்தில் உப்பு வாரும் நேரம், ஆகையால் அன்றைக்கு அதை நிமிர்ந்து பார்க்க யாருக்கும் கை ஒழியவில்லை. உச்சி வெயிலில், தண்ணீரே ஏறாத எங்கள் தண்ணீர் டாங்குக்கு மேலே, ஒரு தென்னை உயரத்தில், தகர டிரங்குப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கதவு பிய்ந்து தொங்குகிற மாதிரி ஒரு சாமான் வந்து நின்று, லேசாக ஆடி, ஒரு டீயை ஊதி ஊதிக் குடிக்கிற நேரம் அங்கேயே இருந்துவிட்டு, மேற்கே நகர்ந்து மறைந்தது. ஒரு காக்கை அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் எழுந்து போனது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வார்டு மெம்பர் கோயில்பிச்சை, டாங்கின் உச்சியில் நட்டிருந்த கொடிக்கம்பம் அதில் இடித்துத் தொலைக்கப் போகிறது என்று கம்பத்தை இறக்கி வைத்தார். சிப்பிவிளை ஊர்ப் பொதுமக்கள் சார்பில் அதற்கு நடந்த வரவேற்பு அவ்வளவுதான்.

நான் டாங்குக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவன். எங்கள் ஊரில் கிணறு தோண்டினால் உப்பு, குழாய் போட்டால் உப்பு, மழை பெய்தால்கூட தரையைத் தொட்டதும் உப்பு. லாரி நினைத்தால் கொண்டுவந்து ஊற்றுகிற தண்ணீரில்தான் ஊர் குடித்துக் குளித்தது, லாரி மறந்த நாட்களில் என் டீயைக் குடிப்பவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்கள். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தச் சாமான் வந்து நிற்கிற நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிழல் விழுந்தது. ஒன்று வெயிலின் நிழல், உச்சிப் பொழுதில் எல்லோருக்கும் விழுவது போலக் காலடியில் குட்டையாகக் கிடந்தது. இன்னொன்று நீல நிறத்தில், மெல்லிசாக, காலில் இருந்து கிளம்பி, இப்படியா அப்படியா என்று கொஞ்சம் தயங்கி, பிறகு ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு, தெருவைத் தாண்டி, சுவரில் ஏறி இறங்கி, ஆட்டுக்குட்டிகளின் முதுகில் ஊர்ந்து, போய்க்கொண்டே இருந்தது. முதலில் இதை ஒரு நோய் என்று நினைத்து சிலர் பாதத்தில் வேப்பெண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகுதான் விஷயம் பிடிபட்டது: ஒருவர் எதைத் தொலைத்துவிட்டு உள்ளுக்குள் அதிகமாக ஏங்குகிறாரோ, அது கிடக்கும் திசையில் அவருடைய நீல நிழல் நீண்டது.

திசைதான். தூரம் இல்லை. பொருள் கிடக்கும் இடத்தில் நிழல் நின்று தொலைத்தால் பரவாயில்லை, அது பொருளையும் தாண்டி, ஊரையும் தாண்டிப் போனது. நிழலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடலாமே என்றால் காலை அசைத்ததும் கலைந்துவிடும். நாளைக்கு வேறு இடத்தில் நின்று பார்க்கலாமே என்றால், ஒருதரம் காட்டிய பொருளை அதே ஆளுக்கு இன்னொருதரம் காட்டாது. ஆபீஸில் ஒருமுறை பதில் சொல்லிவிட்டு மறுபடி தலையை நிமிர்த்தாத குமாஸ்தாவைப் போல அதற்கும் ஒரு கறார் இருந்தது.

முதலில் மாட்டியது கோயில்பிச்சையின் பல்செட். அவருடைய நிழல் டாங்கில் இருந்து வடக்கே போனது, வடக்கே இருந்ததோ பாதி ஊர். ஆனால் அதே நேரம் ரேஷன் கடை வாசலில் வரிசையில் நின்ற அவர் சம்சாரத்தின் நிழலும் ஒரு பக்கம் ஓடியது, ஏனென்றால் பல்செட் தொலைந்த நாள் முதல் அந்த அம்மாதான் அவருக்கு எல்லாவற்றையும் அம்மியில் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், ஆகவே பல்செட்டுக்காக ஏங்கியதில் அவர் முதலிடம். இரண்டு நிழலும் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில் அவர்கள் வீட்டு முருங்கை மரம் இருந்தது, மரத்தில் காக்கைக் கூடு இருந்தது, கூட்டில் பல்செட் இருந்தது. கழுவிப் போட்டுக்கொண்டு மெம்பர் அன்று மாலையே ஒரு கூட்டம் போட்டுப் பேசினார்.

அதன் பிறகு எங்கள் ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பொருளைத் தொலைத்தவர் உச்சிப் பொழுதுக்கு முன்னால் தெருத்தெருவாகப் போய், அதே பொருளைத் தன்னைப் போலவே தேடுகிற இன்னொரு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். “எனக்கு எதிர் நிக்க வாரியா?” என்று கேட்க வேண்டும். வருகிறவர் தள்ளி நிற்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டு நிழலும் சேர்ந்தே ஓடும், வெட்டாது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி தொலைந்த கொலுசுக்காகக் கையைக் கோத்துக்கொண்டு நின்று, ஒன்றும் தெரியாமல் வீட்டுக்குப் போனது. சண்டைச் சேவலைத் தொலைத்தவனுக்கு அடுத்த வீட்டு அம்மா எதிர் நின்றார். அதன் கூவல் இல்லாமல் விடிந்தது தெரியாமல் போகிறதாம். என் குடைக்கு எதிர் நிற்க மட்டும் ஒரு ஆள் அகப்படவில்லை. என்னைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் அந்தக் குடை முக்கியமாக இல்லை என்பதை நான் அந்த வெயிலில் நின்று தெரிந்துகொண்டேன். அது தெற்கே எங்கேயோ இருக்கிறது. தெற்கு என்பது பெரிய இடம்.

சங்கடங்களும் இல்லாமல் இல்லை. பேரன் பேத்தி எடுத்த ஒருவருடைய நிழல், வாழ்க்கைப்பட்டு வெளியூர் போய்விட்ட யாரோ ஒருத்தியின் ஊர்ப் பக்கம் தினமும் நீள்வதாகப் பேச்சு கிளம்பியது. தினமும் நீளாது, ஒருதரம்தான் என்று அவர் சத்தியம் செய்ததில் விஷயம் இன்னும் கெட்டது. ஆகவே அடுத்தவர் நிழலைத் தெருமுனைக்கு அப்பால் யாரும் பார்க்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், எல்லோரும் பார்த்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஷமீமா என்கிற பெண் தோளில் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே என் கடைக்கு வந்து, டீ சொல்லிவிட்டு, மேலே பார்த்துக்கொண்டு நின்றது. செயற்கைக்கோள்களைக் கவனிக்கிற ஏதோ ஆபீஸில் வேலை. உச்சிப் பொழுதில் அந்தச் சாமான் வந்து ஆடிக்கொண்டு நின்றதும், பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையைக் கண்டுபிடித்த தாயின் முகம் அந்தப் பெண்ணுக்கு வந்தது. எல்லோருடைய நீல நிழலும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணின் நிழல் மட்டும் எங்கும் போகாமல் காலைச் சுற்றி வட்டமாகக் கிடந்தது. தொலைத்த பொருள் தலைக்கு நேர் மேலே நின்றால் நிழல் வேறு எங்கே போகும்.

“இது எங்க கையால செஞ்சது அண்ணாச்சி,” என்றது ஷமீமா. “இதுக்குக் கண்ணு மட்டும்தான் உண்டு. கடல்ல ஒரு படகு தத்தளிச்சா, இந்தப் பக்கம்னு சொல்லும். எவ்வளவு தூரம்னு கேட்டா தெரியாது. ஆனா ஓடிக்கிட்டே இருக்கும்ல, கொஞ்ச நேரம் கழிச்சு வேற இடத்துல இருந்து பார்த்து, இப்ப இந்தப் பக்கம்னு சொல்லும். ரெண்டு கோட்டையும் நாங்க கீழ உக்காந்து போட்டுப் பார்ப்போம். வெட்டுற இடத்துல படகு.”

“நாங்க பல்செட்டுக்கு அதைத்தானே செஞ்சோம்,” என்றார் கோயில்பிச்சை, புதிதாகத் திரும்பக் கிடைத்த பற்கள் எல்லாம் தெரிய.

“ஒருநாள் திடீர்னு பேச்சை நிறுத்திருச்சு. காணோம். இப்ப வயசாயிப் போச்சு, முன்ன மாதிரி ஓட முடியல. வந்து ஒரே இடத்துல நின்னுட்டுப் போகுது. அதான் ரெண்டாவது கோட்டுக்கு இன்னொரு மனுசன் தேவைப்படுது.” டீயை ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, மரியாதைக்கு விழுங்கியது. “ஆனா ரொம்ப நாள் தாங்காது. நாளைக்கு வரும், நாளன்னைக்கு வரும். அப்புறம் கடல்ல விழுந்துரும்.”

அந்த டீயை அந்தப் பெண் விழுங்கியதைப் பார்த்தபோதுதான் ஊருக்கு ஊற்று ஞாபகம் வந்தது.

அந்த ஊற்றின் கதையைச் சொல்ல வேண்டுமானால் ராசகனியையும் லிங்கதுரையையும் சொல்ல வேண்டும், அவர்களைச் சேர்த்துச் சொல்லி நெடுநாள் ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே அளத்தில் வேலை பார்த்தார்கள். ஒரு பாத்தியின் மூலையில் உவர்நீருக்காகக் குழி தோண்டியபோது, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு வெளுத்துக் கிடக்க, அந்த ஒரு குழியில் மட்டும் இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறியது. ஊரே குடித்தது. பாதிப் பேர் அதை ராசகனி ஊத்து என்றார்கள், பாதிப் பேர் துரை ஊத்து என்றார்கள், இருவரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு ஐப்பசியில் கடல் உள்ளே வந்து, வரப்புகளைக் கரைத்து, சேற்றைப் பரப்பிவிட்டுப் போனது. புது வரப்பு போட்டபோது பழைய அளத்தின் அடையாளம் ஒன்றும் மிஞ்சவில்லை, கரையோரக் கட்டடங்களைத் தவிர.

ஊற்று எங்கே என்று ராசகனியைக் கேட்டார்கள். “உப்புக் கொட்டகைல இருந்து மாதா கோயில் சிலுவையைப் பார்த்து நேரா நட. ஒரு பாட்டு முடியுத தூரம்,” என்றாள். கூடையைக் கொட்டகையில் இறக்கிவிட்டுக் குடத்தோடு தினமும் அவள் நடந்த நடை அது. லிங்கதுரையைக் கேட்டார்கள். “மோட்டார் ரூம்ல இருந்து லைட் ஹவுஸைப் பார்த்து நேரா நட. ஒரு பீடி முடியுத தூரம்,” என்றான். மோட்டாரை நிறுத்திவிட்டுத் தினமும் அவன் நடந்த நடை அது. கொட்டகை கிழக்கே, மாதா கோயில் மேற்கே, மோட்டார் ரூம் வடக்கே, லைட் ஹவுஸ் தெற்கே. ஒரே ஊற்று எப்படி இரண்டு பக்கம் இருக்கும், ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. அந்தக் கட்சி அந்தக் கோட்டில் குழி தோண்டியது, இந்தக் கட்சி இந்தக் கோட்டில் குழி தோண்டியது. எதிர்க்கட்சியின் கோடு குறுக்கே வந்த இடத்தில் மட்டும், அங்கே மண்வெட்டி போட்டால் அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, இரு கட்சியும் அந்தப் பாத்தியை மரியாதையாகத் தாண்டிப் போய்த் தோண்டியது. தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வராத கோபத்தில் லிங்கதுரை ஊர் நடுவில் வைத்து, “அவளுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொல்லுவா,” என்று சொல்லிவிட்டான்.

ராசகனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதா கோயில் தெருவில் காலியாகக் கிடந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் மோட்டார் ரூமிலேயே பாயைப் போட்டுக்கொண்டான். ஒரே ஊரில், ஒரே அளத்து வேலையில், பேச வேண்டி வந்தால் அவள் வரப்பிடம் சொன்னாள், அவன் மோட்டாரிடம் சொன்னான். அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்த காலத்தில் ஊரில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டன.

இப்போது சாமான் கடலில் விழுவதற்குள் அந்த இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்துவிட்டால் ஊற்று கிடைத்துவிடும் என்று ஊருக்குத் தோன்றியது. அந்த ஊற்றை அவர்களைவிட அதிகம் தொலைத்தவர் யார். கோயில்பிச்சையும் நானும் ஷமீமாவும் முதலில் ராசகனியிடம் போனோம். முற்றத்தில் உப்பில் வெடித்த பாதங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. இப்ப நிழலு சொன்னாத்தான் நம்புவீகளோ?”

“ஊருக்காக நில்லும்மா,” என்றார் மெம்பர்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். “நிக்கேன். ஆனா இந்தத் தடவையும் நான் பொய்க்காரின்னு ஆச்சுன்னா, மறுநா காலைல திருப்பூர் பஸ்ஸுல ஏறிருவேன் அண்ணாச்சி. எங்க அண்ணன் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான். அப்புறம் செத்தாலும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன்.” அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மோட்டார் ரூமில் லிங்கதுரை மோட்டாருக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். மெம்பர் எல்லாவற்றையும் சொன்னார், திருப்பூரையும் சொன்னார். அவன் தலையைத் தூக்கவில்லை.

“ஏ மோட்டாரு,” என்றான், “திருப்பூர் பஸ்ஸு காலைல எப்பன்னு மெம்பர்ட்ட கேளு.”

“விடியுமுன்ன,” என்றார் மெம்பர், மோட்டாரைப் பார்த்து.

அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தான். “நிக்கேன்னு சொல்லிரு,” என்றான்.

மறுநாள் உச்சிப் பொழுதில் சிப்பிவிளையில் வீட்டில் இருந்தது அடுப்பும் பூனையும் மட்டும்தான். மாதா கோயில் ஓரம், அளத்தின் மேற்குக் கரையில் ராசகனி நின்றாள். பெட்டியில் இருந்து எடுத்த புதுச்சேலை கட்டியிருந்தாள், யாருக்காக என்று கேட்டால் ஊருக்காக என்பாள். வடக்குக் கரையில் மோட்டார் ரூம் வாசலில் லிங்கதுரை நின்றான். சவரம் செய்திருந்தான், அதுவும் ஊருக்காக இருக்கும். நடுவில் அளம் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது, வரப்புகளில் ஊர்ச்சனம் மூச்சு விடாமல் நின்றது. ஷமீமா கையில் காகிதமும் பென்சிலும் வைத்திருந்தது. சாமான் வந்தது. முன்னைவிடத் தாழ்வாக வந்து, முன்னைவிட அதிகமாக ஆடி, டாங்குக்கு மேலே நின்றது.

ராசகனியின் காலில் இருந்து நீல நிழல் கிளம்பியது. தயங்கியது. கிழக்கே கொட்டகைப் பக்கம் ஒருதரம் பார்த்தது, பிறகு அதைக் கைவிட்டுவிட்டு, வடகிழக்கே திரும்பி, பாத்திகளைத் தாண்டி, வரப்புகளில் ஏறி இறங்கி, யாருடைய அனுமதியும் கேட்காமல் ஓடத் தொடங்கியது. அதே நேரம் லிங்கதுரையின் காலில் இருந்தும் ஒன்று கிளம்பியது. அது தயங்கக்கூட இல்லை. இரண்டும் அளத்தின் நடுவில் வந்து, ஒன்றையொன்று வெட்டும் என்று ஊரே காத்திருக்க, வெட்டாமல், விலகாமல், ஒன்றின்மேல் ஒன்று படிந்து, அவளுடையது அவன் காலடிக்கும் அவனுடையது அவள் காலடிக்கும் போய்ச் சேர்ந்தது. மேற்குக் கரைக்கும் வடக்குக் கரைக்கும் இடையில் ஒரே ஒரு நீலக் கோடு கிடந்தது.

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கம் கிளம்பியது.

ஷமீமா மட்டும் காகிதத்தையும் அளத்தையும் மாறி மாறிப் பார்த்தது. “இதுல விடை இல்லையே. ரெண்டும் ஒரே கோடு, ஒண்ணை ஒண்ணு வெட்டல. எங்க ஆபீஸ்ல இப்படி வந்தா தூக்கிப் போட்டுருவோம்.”

“நாங்க தூக்கிப் போட மாட்டோம் தாயி,” என்றார் கோயில்பிச்சை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆனால் தண்ணீர்? ஊற்று? சாமான் மேற்கே நகர்ந்துவிட்டது, நீலக் கோடு அழிந்துவிட்டது, சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. மூடின பிறகுதான் ராசகனி நடந்து வருவதைப் பார்த்தோம். புதுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோடு கிடந்த அதே தடத்தில், வரப்பு என்றும் பாத்தி என்றும் பாராமல், உப்பு நொறுங்க வந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் லிங்கதுரையும் கிளம்பியிருந்தான். அளத்தின் நடுவில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“என் நிழலை எதுக்குவே இழுத்தீரு?” என்றாள் ராசகனி. இத்தனை வருஷத்தில் வரப்பிடம் சொல்லாமல் அவனிடமே சொன்ன முதல் வார்த்தை.

“நான் எங்கட்டி இழுத்தேன்? உன் நிழலுதான் வந்து என் கால்ல விழுந்துச்சு!”

“ஊர் முழுக்கச் சிரிக்குது. ஊத்தைப் பார்க்க நின்னவளை இப்படி ஆக்கிப்புட்டீரே! ஊத்து எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கொட்டகைல இருந்து மாதா கோயில் சிலுவையைப் பார்த்து நடந்தா ஊத்து. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்லுதேன்!”

“மோட்டார் ரூம்ல இருந்து லைட் ஹவுஸைப் பார்த்து நடந்தா ஊத்து! நான் நடக்காத நடையா?”

பழைய சண்டை, வார்த்தைக்கு வார்த்தை அதே சண்டை. இதை நாங்கள் மனப்பாடமாக அறிவோம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம், இத்தனை வருஷமாக இதைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நிரூபித்து வந்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டவர்கள், இந்தப் பங்குனி முழுக்கப் பல்செட்டுக்கும் சேவலுக்கும் எதிரெதிரே நின்று பழகிப்போன சனங்கள். இரண்டு திசை என்றதும் இரண்டில் எது பொய் என்று கேட்கிற புத்தி எங்களை விட்டுப் போயிருந்தது. வரப்பில் நின்ற ஒவ்வொருவர் கண்ணும் தானாகக் கொட்டகையில் இருந்து சிலுவைக்கு ஒரு கோடு போட்டது, மோட்டார் ரூமில் இருந்து லைட் ஹவுஸுக்கு ஒரு கோடு போட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லாத் தலையும் ஒரே பாத்தியைப் பார்த்துத் திரும்பியது. அன்றைக்கு இரண்டு கட்சியும் மரியாதையாகத் தாண்டிப் போன பாத்தி அது.

சத்தம் நின்றதைக் கண்டு அவர்களும் வாயை நிறுத்தி, எங்கள் கண் போன இடத்தைப் பார்த்தார்கள். ராசகனியின் கை மெதுவாக உயர்ந்து சிலுவைக் கோட்டைக் காட்டியது, லிங்கதுரையின் கை லைட் ஹவுஸ் கோட்டைக் காட்டியது. இரண்டு கையும் காற்றில் ஒன்றையொன்று வெட்டியது.

லிங்கதுரை கையைக் கீழே போட்டான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“நீ சொன்னது நெசம்தான் ராசகனி,” என்றான். மோட்டாரிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னான், ஊர் நடுவில் வைத்துச் சொன்னான்.

“நீரு சொன்னதும்தான்,” என்றாள், பிறகு விட்டு விட்டு அழுதாள், அவன் என்ன செய்வதென்று தெரியாமல் மசகுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கும் கண் நிறைந்தது. உப்புக் காற்று என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டேன்.

மண்வெட்டி எடுக்க ஓடியவர்களில் எந்தக் கட்சி முதலில் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சேற்றுக்குக் கீழே சாம்பல் மணல், மணலுக்குக் கீழே ஈரம், பொழுது சாய்வதற்குள் குழியில் வானம் தெரிந்தது. முதல் வாயை ராசகனி அள்ளிக் குடித்தாள். ஊரே அவள் முகத்தைப் பார்த்தது.

“அண்ணாச்சி,” என்று என்னைக் கூப்பிட்டாள், “டீக்கு எடுத்துட்டுப் போங்க.”

அன்று சாயங்காலம் என் கடையில் முகத்தைச் சுளிக்காமல் டீ குடித்தவர்களை நான் கண்ணாரக் கண்டேன். மறுநாள் விடிவதற்கு முன்னால் திருப்பூர் பஸ் வந்து, டாங்கடியில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலியாகப் போனது.

அன்றைய உச்சிப் பொழுதுதான் கடைசி. சாமான் வந்தபோது டாங்கைத் தொட்டுவிடுமோ என்றிருந்தது. டாங்குக்கு மேலே ஒருமுறை ஆடிவிட்டு, இம்முறை மேற்கே போகாமல், கடலைப் பார்த்துத் திரும்பி, அளத்தின் மேலாகத் தாழ்ந்து தாழ்ந்து போய், அடிவானத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தெறிப்போடு தண்ணீரில் இறங்கியது. யாருக்கும் கையசைக்கத் தோன்றவில்லை. அது போன பிறகும் எங்கள் நீல நிழல்கள் போகவில்லை. காலைச் சுற்றி வட்டமாகக் கிடந்த ஷமீமாவின் நிழல், ஒருதரம்தான் என்கிற கறாரையும் மறந்து, நீண்டு கடலைப் பார்த்து ஓடியது. அதன் பின்னாலேயே கோயில்பிச்சையின் நிழலும், அவர் சம்சாரத்தின் நிழலும், சேவல்காரன் நிழலும், என்னுடையதும், டாங்கடியிலும் கரையிலும் கொட்டகையிலும் நின்ற அத்தனை பேருடையதும், தொலைத்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கடல் பக்கம் திரும்பின.

ஷமீமா அழுதுகொண்டே சிரித்தது. “எல்லாரும் எதிர் நிக்கீங்களே! அசையாம நில்லுங்க, அப்படியே நில்லுங்க, இடத்தைக் குறிச்சுருதேன், படகை அனுப்பி எடுத்துரலாம்!” என்று கத்திக்கொண்டு ஒவ்வொரு நிழலாக ஓடி ஓடிக் காகிதத்தில் கோடு போட்டது. வந்து பத்து நாள் ஆனதுபோல எங்கள் ஊர்ப் பேச்சும் அந்தப் பெண்ணுக்கு ஒட்டிவிட்டது.

ஓடியபடியே ஊற்றுக் கரைக்கு வந்து நின்றது. அங்கே ராசகனியும் லிங்கதுரையும் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, இது ராசகனி ஊத்தா துரை ஊத்தா என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நிழலும் கடலைப் பார்த்துத்தான் நீண்டிருந்தது, ஆனால் இரண்டும் ஒட்டிப் போய், யாருடையது எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தது.

“மதினி, இப்படிப் பக்கத்துல உக்காந்தா எனக்குக் கோடு வெட்டாது,” என்றது ஷமீமா. “கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்.”

ராசகனி அந்தப் பெண்ணையும் கடலையும் பார்த்தாள், கரையெல்லாம் நின்ற எங்களையும் பார்த்தாள்.

“இத்தனை பேரு நிக்காகளே, அவுககிட்ட போட்டுக்கோ தாயி,” என்றாள். “நாங்க தள்ளி நின்னது போதும்.”